அறுபத்தேழு மாடலும் ஒரு தகர டப்பாவும்

அந்தப் பைய மிதிச்சுப்போடாதீங்க தம்பி. ஒண்ணுமில்லீங்க, கயிறுதான். வண்டி கட்டி இழுக்கற நைலான் கயிறு. நீங்க காலை நீட்டி உக்காருங்க. நீட்ட எடமிருந்தா நீட்டுங்க. இந்த பஸ்ஸு சீட்டு இருக்குதே, இதச் செஞ்சவன் எவன் மேலயோ இருந்த கோவத்த நம்ம முட்டியில காட்டியிருக்கறான்.

எனக்கு பஸ்ஸுல போயிப் பழக்கமில்லீங்க. சொன்னா பெருமையடிக்கறேன்னு நெனைப்பீங்க. தாராபுரத்துல வந்து சென்னியப்பன் ஊடு எதுன்னு கேட்டுப் பாருங்க. அம்பாசிடர் நிக்குமே, அந்த ஊடான்னு திருப்பிக் கேப்பாங்க. அறுபத்தேழு மாடல். எங்கப்பா ரைஸ் மில்லு வெச்சிருந்தப்ப வாங்குனது. கியரு கீழ இருக்காது, ஸ்டீரிங்குக்குப் பக்கத்துல கைக்கு எட்டறாப்பல நிக்கும். கதவ இழுத்துச் சாத்துனீங்கன்னா பேங்குல லாக்கர் சாத்துன மாதிரி ஒரே ஒரு சத்தம். முன்னாடி மூணு பேரு, பின்னாடி நாலு பேரு, மடியில கொழந்தைக எத்தன வேண்ணாலும். அது ரோட்டுல வந்தா மாடு கூடத் தானா ஒதுங்கும்.

அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணும் நின்னுச்சு. நாலு மாசமா அந்த எடம் காலியாக் கெடக்குது. எண்பத்தொம்பது மாடல் மாருதி. எங்கூட்டம்மா வண்டி. தமயந்தின்னு பேரு, டீச்சரா இருந்து ரிட்டயர்டு ஆனவ. அவ அத வண்டின்னு சொல்லுவா, நான் தகர டப்பான்னுதான் சொல்லுவேன். ஊட்டுக்கு வந்து முப்பது வருசமாச்சு, ஒரு நாளும் வேற பேரு சொன்னதில்லை. கதவச் சாத்துனா முறுக்கு டின்னு மூடியாட்ட சத்தம் வரும். லாரி பக்கத்துல போனா ஆடும். நாலு பேரு சேந்தா தூக்கி வேற தெருவுல வெச்சுப்போடலாம்.

எதுக்கு வாங்குனான்னு கேக்கறீங்களா? அப்ப அவளுக்கு மூலனூர் பக்கம் பள்ளிக்கூடம். ரெண்டு பஸ்ஸு மாறிப் போயிட்டிருந்தா. அம்பாசிடர் ஓட்டக் கத்துக் குடுங்கன்னு கேட்டா. நான் நல்ல விதமாத்தான் சொன்னேன், அம்மிணி, இந்தக் கியரு பொம்பளைக் கைக்கு விழுகாது, இது சாமானியப்பட்ட வண்டியில்லைன்னு. அதோட பேச்ச விட்டுட்டா. ஆறு மாசங் கழிச்சு ஒரு நாயித்துக்கிழமை, கேட்டுக்குள்ள இந்த டப்பா வருது, ஸ்டீரிங்குக்குப் பொறத்தால இவ உக்காந்திருக்கறா. வேற ஒரு டீச்சருகிட்டப் பழகி, லைசென்ஸும் எடுத்து, வண்டியும் வாங்கிப்போட்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா வேண்டாமுன்னுதான் சொல்லியிருப்பேன், அது வேற.

அதுல நான் முன்னாடி உக்கார மாட்டனுங்க. முப்பது வருசத்துல ஒருக்காக் கூட உக்காந்ததில்லை. பொண்டாட்டி வண்டி ஓட்ட, புருசன் பக்கத்துல பைய மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தா பாக்கறவன் என்ன நெனைப்பான்? பின் சீட்டுல உக்காந்தா ஒரு மரியாதை. டிரைவர் வெச்சு ஓட்டறாப்பல இருக்கும். அவளும் கண்ணாடியில பாத்து, எங்கீங்க போகோணுமுன்னு டிரைவராட்டவே கேப்பா. கிண்டலுங்க. டீச்சருகளுக்கு அது கூடப் பொறந்தது.

மூணு வருசத்துக்கு முன்னால ஒரு நாளு காலைல பத்து மணிக்கு எனக்கு நெஞ்சு வலி வந்துச்சு. அவ என்னைய அந்த டப்பாவுல அள்ளிப் போட்டுட்டு கோயமுத்தூருக்கு ஓட்டுனா. நீங்களே சொல்லுங்க தம்பி, நெஞ்சு வலிக்காரன் படுக்க எடமில்லாததெல்லாம் ஒரு வண்டியா? ஆஸ்பத்திரி வரைக்கும் காலை மடக்கிட்டே போனேன். பத்து நாளைக்கு முட்டி வலிச்சுது. டாக்டரு நெஞ்சப் பத்தியே பேசிட்டிருந்தாரு. இன்னும் அரை மணி நேரங் கழிச்சு வந்திருந்தா கைய விரிச்சிருப்போமுன்னாரு. முட்டியப் பத்தி ஒருத்தருங் கேக்கலை.

அன்னைக்கு அம்பாசிடர எடுத்திருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. நாயமான கேள்விதான். நல்ல வண்டியக் கண்ட நேரத்துல எடுக்கறதில்லீங்க. வாரத்துக்கு ரெண்டு நாளு நானே தொடைப்பேன். வருசத்துக்கு ஒருக்கா ஆயுத பூசைக்கு ஷெட்டுலருந்து வெளிய எடுப்பேன். சந்தனம், குங்குமம், வாழக்கன்னு, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். உருண்டு போயிப் பழம் நசுங்குச்சுன்னா வண்டி ஓடற கண்டிசன்ல இருக்குதுன்னு அர்த்தம். கொஞ்ச வருசமா பக்கத்து ஊட்டுக்காரங்க நாலு பேரு பின்னாடி நின்னு தள்ளுவாங்க. அதுலயென்ன, பழம் நசுங்குதா இல்லையா? அவ டப்பாவுக்கு நான் பழம் வெக்க மாட்டேன். அவளே ஒண்ணு வாங்கியாந்து வெச்சு, நசுக்கிட்டு, அப்பிடியே கடைக்குப் போயிருவா. பூசைக்கு ஒரு மரியாதை வேண்டாமுங்களா?

இந்தக் கயித்துக் கதைக்கு வர்றேன். ஆடி மாசம் பேப்பருல போட்டிருந்தானுக, கோயமுத்தூருல பழைய வண்டிகளுக்குக் கண்காட்சின்னு. ரெண்டே கண்டிசன். முப்பது வருசத்துக்கு மேல ஆன வண்டியா இருக்கோணும். தன் ஓட்டத்துல மைதானத்துக்குள்ள வரோணும். அதுலயும் தன் ஓட்டத்துல ரொம்ப தூரத்துலருந்து வர்ற வண்டிக்குத் தனியா ஒரு ஷீல்டு. மத்தவனெல்லாம் கோயமுத்தூருக்குள்ளயே இருக்கறவன், அவனுகளுக்கு ஏது தூரம்? ஷீல்டு எனக்குத்தான்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். டீக்கடைல சொன்னேன், பால் சொசைட்டில சொன்னேன், ரிஜிஸ்டர் ஆபீசுல ஒரு வேலையாப் போனப்ப அங்கயுஞ் சொன்னேன்.

மெக்கானிக் யூசுப்ப வரச் சொன்னேன். போனட்டத் தொறந்து பாத்தான். அவ்வளவு தூரம் தாங்காதுங்க, லாரியில ஏத்திக் கொண்டு போங்கன்னான். லாரியில ஏத்தறதுக்கு அதென்ன எருமையா? பேட்டரிய மாத்திக் குடுன்னேன். மாத்திக் குடுத்துட்டுத் தலையச் சொறிஞ்சுக்கிட்டே போனான். அவனுக்கு இந்தக் காலத்து பிளாஸ்டிக் வண்டிகதான் லாயக்கு. எங்கூட்டம்மா அதக் கேட்டுட்டு, நானும் என்ற வண்டில பின்னாலயே வர்றனுங்க, ஒரு தொணைக்குன்னா. சிரிப்பு வந்துச்சு எனக்கு. யானைக்குத் தொணையாப் பூனை வருதாட்ட இருக்குதேன்னு சொன்னேன். அவ கடைக்குப் போயி இந்தக் கயித்த வாங்கி டிக்கியில போட்டுக்கிட்டது எனக்கு அப்பறந்தான் தெரியும்.

குண்டடந் தாண்டறதுக்குள்ள நின்னு போச்சுங்க. போனட்டுக்குள்ளருந்து பொகை. நான் பதறலை, பெரிய வண்டின்னா கொஞ்சம் பொகையத்தான் செய்யும். அவ டப்பாவ முன்னால கொண்டாந்து நிறுத்துனா. கயித்த எடுத்தா. சேலையத் தூக்கிச் செருகிட்டு ரோட்டுல முட்டி போட்டு, ரெண்டு வண்டிக்கும் அடியில குனிஞ்சு கட்டுனா. முடிச்ச இழுத்து இழுத்துப் பாத்தா. ஊட்டுக்கா, கோயமுத்தூருக்கான்னு மட்டுங் கேட்டா. ஊரெல்லாஞ் சொல்லியாச்சுங்களே. கோயமுத்தூருக்குன்னேன்.

அங்கிருந்து அறுவது கிலோமீட்டருக்கு மேல. அந்த டப்பா என்ற வண்டிய இழுத்துச்சுன்னு சொல்றாங்க. அது தப்பு. என்ற வண்டி உருண்டு வந்துச்சு. கனமான வண்டி உருள ஆரம்பிச்சா லேசுல நிக்காது, அது அந்தக் காலத்து இரும்போட பெருமை. ஸ்டீரிங் புடிச்சது யாரு? நானு. பிரேக் போட்டது யாரு? நானு. பல்லடத்துக்கிட்ட அவ வண்டில கிளட்ச் கருகற வாசம் அடிச்சுது. ரெண்டு எடத்துல நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துனா. கைய உதறிக்கிட்டா, கழுத்தப் புடிச்சு விட்டுக்கிட்டா. நான் எறங்கலீங்க. எறங்குனா பாக்கறவனுக்கு வண்டி மேல சந்தேகம் வந்துரும்.

உடுமலைப்பேட்டை வந்துருச்சுங்களா? அப்ப இன்னும் ஒரு மணி நேரமிருக்குது. கேளுங்க.

மைதானத்துக்கு ரெண்டு தெரு முன்னாலயே கயித்த அவுக்கச் சொல்லிட்டேன். அந்தத் தெரு நல்ல எறக்கம். கைப்பிரேக்க எடுத்துவிட்டேன், அப்பிடியே வழுக்கிட்டுக் கேட்டுக்குள்ள போச்சு. கைய வெளிய நீட்டி நாலு பேருத்துக்குக் கும்புடு போட்டேன். நடுவரு ஒருத்தரு, வெள்ளைத் தொப்பி போட்ட வயசானவரு, பக்கத்துல இருந்தவருகிட்ட எஞ்சின் சத்தமே கேக்கலை பாருங்க, என்ன பராமரிப்புன்னு சொன்னாரு. என்ற காதால கேட்டேன். நான் ஒண்ணும் பொய் சொல்லலையே. சத்தம் கேக்கலைதானே.

வந்ததுல நாந்தான் தூரம். ஷீல்டு எனக்குன்னு அறிவிச்சாங்க. மேடைல ஏத்தி மைக்கக் கையில குடுத்தாங்க. ஐநூறு பேரு இருப்பாங்க. நான் பேசுனேன். இந்த வண்டி எங்க குடும்பத்த ஒரு நாளும் நடுரோட்டுல விட்டதில்லைன்னேன். எங்க ஷெட்டுல இன்னொண்ணு நிக்குது, அது தகர டப்பா, காய்கறி வாங்கப் போறதுக்கு ஆகும், மத்தபடி அதுக்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லைன்னேன். சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. அவ கீழ மொத வரிசையில நின்னுட்டிருந்தா. கையெல்லாம் கிரீசு, சேலையில முட்டிகிட்ட மண்ணு. நான் என்ன தப்பாச் சொன்னேன்? காய்கறி வாங்கத்தானே போறா.

அந்தத் தொப்பிக்காரரு சும்மா இருந்திருக்கலாம். அம்மாவையும் மேல கூப்பிடுங்கன்னாரு. அவ முன்னால மைக்க நீட்டி, வழியெல்லாம் வண்டி எப்பிடிம்மா வந்துச்சுன்னு கேட்டாரு.

"நெம்ப நல்லா வந்துச்சுங்க. கயிறு ஒரு எடத்துலயும் அறுகலீங்க."

மொதல்ல ஒருத்தனுக்கும் புரியலை. அப்பறம் எவனோ ஒருத்தன் என்ற வண்டிக்கு முன்னால குனிஞ்சு பாத்தான். கயித்துலருந்து பிரிஞ்ச பச்சை நூலு பம்பருக்கு அடியில சுத்திக்கிட்டிருந்துச்சு. அத எடுத்து எல்லாருத்துக்குங் காட்டுனான். பொழப்பத்தவன். ஷீல்ட எங்கையிலருந்து வாங்கித் திரும்ப மேசை மேல வெச்சுட்டாங்க. அந்தத் தொப்பிக்காரரு நேரா வெளிய போயி, புளியமரத்துக்கு அடியில நின்னுட்டிருந்த டப்பாவச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. கூட்டமெல்லாம் அவரு பொறத்தாலயே போச்சு. இத்தூண்டு வண்டி அத்தாம்பெரிய வண்டிய இழுத்துட்டு வந்துச்சுன்னு போன்ல படம் புடிக்கறானுக. அவளயும் பக்கத்துல நிக்கச் சொல்லிப் படம் புடிக்கறானுக. என்ற அறுபத்தேழு மாடலுக்குப் பக்கத்துல ஒரு நாய் படுத்திருந்துச்சு.

ஒரு வார்த்தை தம்பி. ஒரே ஒரு வார்த்தை. நல்லா வந்துச்சுன்னு சொல்லிட்டு நிறுத்தியிருந்தா அவளுக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்? முப்பது வருசமா எத்தனை எடத்துல நான் சொன்னதுக்குத் தலையாட்டியிருக்கறா. அன்னைக்குப் பாத்துதானா உண்மை பேசோணும்?

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எல்லாரும் நிக்கறப்பவே சொன்னேன், இந்த டப்பா வெடுக்கு வெடுக்குன்னு இழுத்ததுலதான் என்ற வண்டிக்கு எஞ்சினே போச்சு, முப்பது வருசமா என்ற ஊட்டப் புடிச்ச பீடைன்னு. வண்டியத்தான் சொன்னேன். சத்தியமா வண்டியத்தான் சொன்னேன். அவ தன்னையச் சொன்ன மாதிரி எடுத்துக்கிட்டா.

கயித்த முழங்கையில போட்டுச் சுருட்டுனா, பள்ளிக்கூடத்துல விளையாட்டு முடிஞ்சதும் சுருட்டுவாங்களே, அந்த மாதிரி. கொண்டாந்து எங்கையில குடுத்தா.

"நான் பொள்ளாச்சிக்குத் தங்கச்சி ஊட்டுக்குப் போறனுங்க. உங்க வண்டில வந்து கூப்பிடுங்க, வர்றேன். கயிறு கட்டாம வாங்க."

அம்புட்டுத்தான். முறுக்கு டின்னு மூடிச் சத்தம் கேட்டுச்சு, போயிட்டா. நான் அம்பாசிடர லாரியில ஏத்திக் கொண்டாந்தேன். அடுத்த வாரம், நான் டீக்கடையில இருக்கற நேரமாப் பாத்து வந்து, ரெண்டு பொட்டி, அவ தலகாணி, கைத் தையல் மிசினு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருக்கறா. அந்த டப்பாவுல எப்பிடித்தான் அத்தனையும் போச்சோ.

பெரிய கண்டிசன்னு நெனைச்சிருப்பா. ஒரு மாசத்துல வண்டிய எடுத்துட்டுப் போயி அவ தங்கச்சி ஊட்டு வாசல்ல ஹாரன் அடிக்கறேன் பாருன்னு நான் டீக்கடைல சபதமே போட்டேன். யூசுப் ஆறு தடவை வந்தான். எஞ்சின எறக்குனான், ஏத்துனான். இந்தச் சாமான் கெடைக்கலைன்னான், அந்தச் சாமான் சென்னையில கேட்டிருக்கறேன்னான். போன வாரம் கையத் தொடைச்சுக்கிட்டே, அண்ணா, இது நிக்கறதுக்கு நல்ல வண்டிங்கன்னான். அவனுக்குத் தொழில் தெரியலை. ஆனா வேற ஆளுந் தாராபுரத்துல இல்லை.

நான் ஒண்ணும் தவிச்சுப் போயிடலை. சோறாக்கறதென்ன பெரிய வித்தையா? மூணு நாளுல பழகிருச்சு. ஒரு டம்ளரு அரிசி போட்டா மிச்சமாகுது, அரை டம்ளரு போட்டா பத்தறதில்லை, அம்புட்டுத்தான் கஷ்டம். சாயங்காலமானா மட்டும் காது வாசல் கேட்டுப் பக்கமே போகுது. அந்தத் தகரச் சத்தம் வருதான்னு. கேவலமான சத்தங்க அது. முப்பது வருசங் கேட்டுப் பழகிப்போச்சு, இல்லாதப்ப ஊடு ஊடாட்டவே இல்லை. எனக்கு அழுகாச்சியா வருது, என்னத்தச் சொல்றது.

இந்த வருச ஆயுத பூசைக்கு அம்பாசிடரத் தள்ள ஒருத்தனும் வரலீங்க. கூப்பிட்டா இடுப்பு வலிங்கறான், ஊருக்குப் போறேங்கறான். பழம் நாலும் சக்கரத்துக்கு முன்னால அப்பிடியே காஞ்சு கெடக்குது. பாத்தா பையில இன்னொரு பழம் இருக்குது. அஞ்சு வாங்கியாந்திருக்கறேன். கடைக்காரன் தப்பா எண்ணிப்போட்டிருக்கறான், இப்பெல்லாம் எவனுக்கு ஒழுங்கா எண்ணத் தெரியுது? அத அந்தக் காலி எடத்துல வெச்சுட்டு உள்ள போயிட்டேன். தூக்கியெறிய மனசு வரலை.

நேத்து அவளுக்குப் போன் பண்ணுனேன். நாளைக்குப் பொள்ளாச்சிக்கு வர்றேன்னேன். எதுலன்னு கேட்டா. சிக்னல் சரியில்லைன்னேன். அப்பறம், "எத்தன மணி பஸ்ஸுங்க?"ன்னு கேட்டா. பஸ்ஸுன்னு நான் சொல்லவே இல்லை தம்பி. எப்பிடிக் கண்டுபுடிச்சாளோ. ஒம்பதரைன்னேன்.

நீங்க வேற மாதிரி நெனைச்சுக்காதீங்க. நான் அவளக் கூப்பிடப் போகலை. கயித்தக் குடுக்கத்தான் போறேன். அவ வாங்குன கயிறு, அவ பொருளு. அடுத்தவங்க பொருள ஊட்டுல வெச்சுக்கற பழக்கம் எனக்கில்லை. குடுத்துட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன். ஒரு வாயி காப்பி குடின்னா குடிப்பேன், மரியாதைக்கு.

பொள்ளாச்சி வந்துருச்சே. அதா பாருங்க, ஸ்டாண்டுக்கு எதுத்தாப்பல, மரத்துக்கு அடியில. வெள்ளை. அதேதான். கழுவி மினுமினுன்னு வெச்சிருக்கறா. உள்ளதான் உக்காந்திருக்கறா, கண்ணாடி போட்டிருக்கறா பாருங்க. எத்தன நேரமா நிக்கறாளோ தெரியலை.

அந்தப் பின் சீட்டச் சித்தே பாத்துச் சொல்லுங்க தம்பி, உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். பொட்டியா அது? ரெண்டு பொட்டியா? தலகாணி. மேல இருக்கறது தையல் மிசினேதான். கொண்டு போனது அத்தனையும் அடுக்கி வெச்சிருக்கறா. பின்னாடி ஒரு ஆளு உக்காரத் துளி எடமில்லை. முன் கதவத் தொறந்து வெச்சுட்டு இங்கயே பாத்துட்டிருக்கறா.

பாத்தீங்களா, இதத்தான் அப்பயிருந்தே சொல்லிட்டு வர்றேன், எடமே இல்லாத டப்பான்னு. சரி, அந்தப் பைய எடுத்துக் குடுங்க. முன்னாடி உக்காந்தா இத மடியிலதான் வெக்கோணுமாட்ட இருக்குது.